கலிலியோ பார்த்த பாதி நிலவு

1609-ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ தன் தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பினார். பொருள்களை ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டிய கருவி அது. ஆனால் அதன் பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்கு அகப்படும் பரப்பின் கோணம், கால் டிகிரி அளவுதான். நிலவோ அரை டிகிரி அகலம். பாதி நிலவுக்கு மேல் ஒருசேரத் தெரியாது. குழாயை நகர்த்தி நகர்த்தித்தான் மலைகளையும் பள்ளங்களையும் பார்த்தாக வேண்டும். அந்த இடுக்கு வழியாக அவர் அவ்வளவு கண்டாரே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கண் வைக்கும் பக்கம் அவர் பொருத்தியிருந்தது குழிவில்லை. குவிவில்லையைப் பொருத்தலாம் என்று 1611-இல் கெப்ளர் எழுதினார். பிம்பம் தலைகீழாகும், ஆனால் புலம் விரியும். வானியலாளர்கள் தலைகீழ் வானத்துக்குப் பழகிக்கொண்டார்கள்.

இன்று சிலி நாட்டு மலையுச்சியில் நிற்கும் வேரா ரூபின் தொலைநோக்கியின் புலம் மூன்றரை டிகிரி. ஏழு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கலாம்.

வீடியோ கேமிலும் இதே கணக்குதான். அங்கே கண்ணாடிக்குப் பதில் மென்பொருள். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டில் பார்வை 90 டிகிரி. ஆனால் 60 செ.மீ. தள்ளி வைத்த 24 அங்குலத் திரை நம் கண்ணில் அடைப்பது ஏறக்குறைய 48 டிகிரியைத்தான். இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் 50 அங்குல டிவி அடைப்பது இன்னும் குறைவு, 25 டிகிரி. அதனால்தான் டிவிக்கென்று செய்த கேம்களில் பார்வையைக் குறுக்கி வைத்தார்கள். அதையே கணினித் திரையின் முன் நெருங்கி உட்கார்ந்து ஆடும்போது சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும்.

அன்று கேமைச் செய்தவர் வைத்ததே கோணம். இன்று பல கேம்களின் அமைப்புப் பட்டியலில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி இருக்கிறது. கூட்டினால் பக்கவாட்டில் வருபவன் தெரிவான். ஆனால் எதிரே தூரத்தில் நிற்பவன் புள்ளியாகச் சுருங்குவான், திரையின் ஓரங்கள் இழுபட்டுத் தோன்றும். அகலம் வேண்டுமா, உருப்பெருக்கம் வேண்டுமா என்று கலிலியோவின் குழாயில் இருந்த அதே பேரம்.

நகர்த்தி இல்லாமல் இன்றும் கேம்கள் வெளியாகின்றன. அதை ஆடம்பர வசதியாக எண்ணி விட்டுவிடுவது தவறு. குமட்டல் வருபவர்களில் பலரால் அது இருந்தால்தான் விளையாடவே முடியும்.