ஒரு நாள் காற்றின் எடை

இன்னும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. அதன் தட்டில், காபி டம்ளரின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு வட்டச் சவ்வு. மூன்று நாளைக்கு முன்பு பால் வெள்ளை. இப்போது அடுப்புச் சாம்பலின் நிறம். விரலால் தொடக் கூடாது. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். விரல் ரேகையில் ஒட்டியிருக்கும் பிசுக்குகூட இந்தத் தராசுக்குப் பாரம்! ஆய்வகத் தம்பி கூண்டின் கதவை மூடிவிட்டு அசையாமல் நின்றார். நானும் நின்றேன். எண்கள் ஆடி, ஓடி, ஒரு வழியாக நின்றன.

ஒரு மொட்டைமாடியின் ஒரு நாள் காற்று, எடை போடப்பட்டுவிட்டது!

இந்தக் கணக்கைக் கேளுங்கள். நுண்தூசி பிடிக்கும் கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர். பி.எம். 2.5 என்கிறோமே, அந்த நுண்தூசிக்கு இந்தியா வைத்திருக்கும் ஒரு நாள் வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அப்படியானால் வரம்பைத் தொட்ட நாளில் இந்தச் சவ்வில் சேரும் மொத்தத் தூசி ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. ஒரு கடுகு அதைவிடக் கனம். அந்தக் கடுகுக்கும் குறைவானதை எடை போட்டுத்தான், ஓர் ஊரின் நுரையீரலைப் பற்றி அரசாங்கம் பேச முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஒரு நாள் அளவோ வெறும் 15.

நான் பிரேசர் டவுன்காரி. எங்கள் பேட்டை காற்றுக்காகவே பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1898-இல் பெங்களூரைப் பிளேக் புரட்டிப்போட்டது. நெருக்கியடித்த தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியைத் தளர்த்த 1906-இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். வீட்டுக்குள் எலி நுழையக் கூடாது, வெளிச்சமும் காற்றும் நுழைய வேண்டும் என்று வரைபடம் போட்டவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914-இல் புத்தகமே எழுதினார். தினமும் ஆட்டோவில் ஸ்டீபன்ஸ் ரோட்டைக் கடக்கிறோமே, அவர் பெயர்தான் அது.

இன்று அதே தெருக்களில் டீசல் ஜெனரேட்டர், கட்டடத் தூசி, பஸ் புகை, நோன்பு மாத ராத்திரிகளில் மாஸ்க் ரோட்டின் கரி அடுப்பு. இந்தக் காற்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சர்ச் ஸ்ட்ரீட்டில் பரிசர பவன் என்று ஒரு கட்டடம் உண்டு. 1974-இல் தொடங்கிய கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகம். முதலில் தண்ணீருக்காக வந்த வாரியம். 1981-இன் காற்றுச் சட்டம் புகையையும் அதன் கையில் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் காற்றை அளக்கும் அதன் தானியங்கி நிலையங்கள் கஸ்தூரி நகரிலும் ஹெப்பாளத்திலும் இருக்கின்றன. இந்த மாதிரி நிலையத்துக்குள் பீட்டா கதிரால் தூசியை அளக்கும் கருவியைத் திறந்தால், உள்ளே ஒரு நாடா! பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி நகர்கிறது. மணிக்கு ஒரு பொட்டு வைக்கிறது. காற்றை உறிஞ்சி, பொட்டின் வழியே கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என்று பார்க்கிறது. தூசி கூடினால் கதிர் குறையும். அதிகாலைப் பொட்டு வெளிறியும், ஆபீஸ் நேரப் பொட்டு கறுத்தும் வரிசையாக இருப்பதைப் பார்த்தபோது, ஊரின் நாட்குறிப்பையே படித்த மாதிரி இருந்தது.

கையால் மாதிரி எடுக்கும் நிலையங்களில் இன்னோர் அழகு. கண்ணாடிக் குழாயில் ஒரு திரவம். காற்று அதற்குள் குமிழி குமிழியாக ஏறுகிறது. பிறகு ஆய்வகத்தில் சாயம் சேர்த்தால், கந்தக டை ஆக்சைடு இருக்கிற அளவுக்கு ரோஜா நிறம் ஏறும். விஷம் இவ்வளவு அழகாகவா வெட்கப்படும் என்று வாய் பிளந்து நின்றேன்.

சரி, காற்றுத் தரக் குறியீடு என்று செல்போனில் வரும் அந்த ஒற்றை எண்? எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கலாம்; குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதில் ஒன்று தூசியாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்; ஆனால் சராசரி எடுப்பதில்லை! எது மிக மோசமோ, அதுவே அன்றைய எண். ஏழு பாடத்தில் தேறியிருந்தாலும் தவறிய எட்டாவதைத்தான் தலைப்பில் போடுகிறார்கள். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சட்டப் புத்தகத்துக்குள்ளும் ஒரு நாடகம் ஒளிந்திருக்கிறது. காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, தொழிற்கூடத்தின் புகையை அதிகாரி, அதை நடத்துபவர் அல்லது அவருடைய பிரதிநிதி முன்னிலையில் பிடிக்க வேண்டும். கலத்தில் அடைத்து, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். புகைக்கு இரண்டு கையெழுத்து! ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. அனுமதி இல்லாமல் ஆலை நடத்தினால் முன்பு சிறை. 2024 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா? பயம் போனால் சட்டம் வெறும் காகிதம்.

2009-இல் வெளியான தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் பென்சீன், ஈயம், ஆர்சனிக், நிக்கல் என 12 பெயர்கள். கரியமில வாயு அதில் இல்லை. காலநிலைக்கு வேறு நோட்டுப் புத்தகம். மாநகராட்சி 2023 நவம்பரில் வெளியிட்ட காலநிலைத் திட்டம், 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று குறி வைத்தது. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்களோ 2022-23 முதல் ஆண்டுதோறும், பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி வகுத்த படிவத்தில் சுற்றுச்சூழல் கணக்கையும் காட்டியாக வேண்டும். அந்தப் படிவத்தில் ஆறாவது கோட்பாட்டுக்குப் போய்ப் பாருங்கள்: நைட்ரஜன் ஆக்சைடு, கந்தக ஆக்சைடு, தூசி, அபாயகரமான வாயுக்கள், அவற்றை அடுத்து வரும் அட்டவணையில் பசுங்குடில் வாயு. நெஞ்சைக் கெடுப்பதும் வானத்தைச் சூடாக்குவதும் கடைசியில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன! ஒரே புகைபோக்கியில் வந்தவைதானே.

இந்த அறிக்கைகள் பூட்டிய அலமாரியில் இல்லை. நிறுவனங்களின் ஆண்டறிக்கையோடு வருகின்றன, யாரும் படிக்கலாம். காற்றுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம். கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளை அவருக்குக் கொடுக்க வேண்டும். எழுதி வைத்த உரிமை இது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கிளம்பும்போது தம்பி அந்தச் சாம்பல் சவ்வை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, மேலே தேதி எழுதினார். எட்டிப் பார்த்தேன். அன்று சாயங்காலம் நான் மாஸ்க் ரோட்டில் நின்று சமோசா தின்றேன், என் அம்மா காலார கோல்ஸ் பார்க் வரை நடந்துவிட்டு வந்தார். நாங்கள் மறந்துபோன ஒரு நாளின் மூச்சு, எடையோடும் தேதியோடும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.