"வரைஞ்சா என்ன பரிசு?" - குழந்தைகளின் கற்பனையைக் கரைக்கும் ஒரு கேள்வி!

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் போதும்... அபார்ட்மென்ட் வாசல், கோயில் மண்டபம், ஜவுளிக்கடை என எங்கு பார்த்தாலும் ஓவியப் போட்டி நோட்டீஸ்கள்தான். 'கலந்துகொள்ளும் அனைவருக்கும் சான்றிதழ்' என்ற வரியும் தவறாமல் இருக்கும். பிள்ளைகளை உற்சாகப்படுத்தத்தான் இத்தனையும். பெற்றோரும் ஆசையோடுதான் அழைத்துப் போகிறார்கள்.

ஆனால், கொஞ்ச நாளில் சில வீடுகளில் ஒரு மாற்றம் தெரியும. சுவர் முழுக்கக் கிறுக்கித் தீர்த்த பிள்ளை, இப்போது பேப்பரை நீட்டினால், "எதுக்கு? போட்டியா? என்ன பரிசு?" என்று கேட்கும். 'ஆர்வம் போயிடுச்சு' என்று நாமும் விட்டுவிடுவோம். அந்த ஆர்வம் எங்கே போகிறது என்பதை உளவியலாளர்கள் 50 ஆண்டுகளுக்கு முன்பே தேடிப் பார்த்துவிட்டார்கள்.

ரிப்பன் கட்டிய சான்றிதழ்

1973-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்யப்பட்ட ஆய்வு இது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவரும், வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 51 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், 'வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்' என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழே இல்லை.

ஓரிரு வாரங்கள் கழித்து, விளையாட்டு நேரத்தில் ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துவிட்டு, யார் தாமாகவே போய் எடுக்கிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரண்டு குழுவினர் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரத்தைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். அதுமட்டுமல்ல... பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

கவனியுங்கள்... எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆர்வம் குறையவே இல்லை. அப்படியென்றால், சிக்கல் பரிசில் இல்லை. 'இதைச் செய்தால் அதைத் தருவேன்' என்ற பேரத்தில் இருக்கிறது. 'எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வரைகிறேன்' என்று இருந்த மனசு, 'பரிசுக்காக வரைகிறேன்' என்று மாறிவிடுகிறது. பரிசு நின்றதும் வரைவதற்கான காரணமும் நின்றுபோகிறது.

போட்டி என்றால்..?

உளவியலாளர் தெரசா அமாபிலே, 7 முதல் 11 வயதுச் சிறுமிகளிடம் வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு குழுவிடம், 'சிறந்த படங்களுக்குப் பரிசு' என்றார். இன்னொரு குழுவிடம், 'பரிசு குலுக்கல் முறையில்' என்றார். எந்தப் படம் எந்தக் குழு செய்தது என்று தெரியாமல் மதிப்பிட்டவர்கள், போட்டியில் இருந்த சிறுமிகளின் படங்களில்தான் கற்பனை குறைவு என்றார்கள். இந்த ஆய்வு 1982-ல் வெளியானது.

ஏன் இப்படி? ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் மனசு ரிஸ்க் எடுக்கத் தயங்கும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம்... போட்டி ஓவியங்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அப்போ பரிசே கூடாதா?

அப்படியும் இல்லை. ராபர்ட் ஐசன்பெர்கர் போன்ற ஆய்வாளர்கள், புதுமையாக யோசித்ததற்கென்றே தரப்படும் பரிசு கற்பனையை வளர்க்கவும் செய்யும் என்று வாதிடுகிறார்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு வழியும் இருக்கிறது. பெத் ஹென்னஸியும் அமாபிலேவும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், 'இந்த வேலையில் எனக்கு எது பிடிக்கும்' என்று பிற குழந்தைகள் பேசும் வீடியோவைப் போட்டுக்காட்டி, அதைப் பற்றிப் பேசவைத்தார்கள். அந்தப் பயிற்சி பெற்ற குழந்தைகளின் கற்பனையைப் பரிசு பாதிக்கவில்லை. தடுப்பூசி போட்டது மாதிரி!

வீட்டில் என்ன செய்யலாம்?

* பேரம் வேண்டாம்: 'வரைந்தால் சாக்லேட்' என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். வரைந்து முடித்த பிறகு என்றாவது ஒருநாள் எதிர்பாராமல் ஒரு கிரேயான் டப்பா வாங்கிக் கொடுங்கள்.

* கேள்வி கேளுங்கள்: 'சூப்பர்' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், 'இந்த யானைக்கு ஏன் பச்சை கலர்?' என்று கேளுங்கள். அதில் குறை சொல்லும் தொனி மட்டும் இருக்கக் கூடாது. படத்துக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கும்.

* போட்டி முடிந்து வரும்போது: 'எத்தனாவது இடம்?' என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். 'எந்த இடம் வரையும்போது ஜாலியா இருந்துச்சு?' என்று முதலில் கேளுங்கள்.

* ஊற விடுங்கள்: மாவு அரைத்த கையோடு இட்லி ஊற்ற முடியாது, புளிக்க நேரம் வேண்டும். யோசனைகளும் அப்படித்தான். கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926-லேயே, புதிய சிந்தனை பிறப்பதை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது, இரண்டாவதாகச் சொன்னது இந்த ஊறும் காலத்தைத்தான். விடுமுறை நாளை டிராயிங் கிளாஸ், கீபோர்டு கிளாஸ், அபாகஸ் என்று நிரப்பிவிட்டால் ஊறுவதற்கு நேரமேது?

* நடந்துவிட்டு வாருங்கள்: இது பெரியவர்களுக்கும்தான். 2014-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவிகிதம் அதிகரித்தன. சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால், ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு இது உதவவில்லை. எனவே, கணக்குப் பரீட்சைக்கு இதை நம்ப வேண்டாம்!

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. எழுதும் பழக்கம் உள்ள இளைஞர்கள் 72 பேரிடம் அமாபிலே செய்த ஆய்வு 1985-ல் வெளியானது. பணம், புகழ் போன்ற காரணங்களைப் பற்றி ஐந்து நிமிடங்கள் யோசித்துவிட்டு எழுதியவர்களின் கவிதைகளில் கற்பனை வளம் குறைந்திருந்தது. கோலமோ, சமையலோ, ரீல்ஸோ... லைக் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே செய்தால் நமக்கும் இதே கதிதான்.

எல்லாப் பிள்ளைகளும் ஓவியர் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால், யாரும் பார்க்காதபோதும் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும் அந்தச் சுகம், பின்னாளில் எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும். இந்த விடுமுறையில் ஒரு பேப்பரையும் நாலு ஸ்கெட்ச்சையும் மேஜையில் வைத்துவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.