மழைநீர் வடிகால் வந்தா கிணறு உப்பாகுமா? ஈசிஆர் மக்கள் கேட்ட கேள்வி என்ன? - முழு விளக்கம்

மழை வந்தாலே சென்னையில் ஒரே பேச்சுதான். "எங்க தெருவுக்கு எப்போ மழைநீர் வடிகால் போடுவாங்க?" ஆனா, அதே சென்னையில் ஒரு பகுதி மக்கள் மட்டும், "எங்க தெருவுக்கு வடிகால் வேண்டாம், முதல்ல ஆய்வு பண்ணுங்க" என்று சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி பகுதிகள்தான் அவை. வடிகால் வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா? அவங்க பயந்தது எதுக்கு? சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்க முடியுமா? பார்க்கலாம்.

என்ன திட்டம் இது?

2015 டிசம்பர் வெள்ளத்தை சென்னை மறக்காது. அந்த நேரத்தில் தெருவுக்குத் தெரு தனித்தனியாக வடிகால் கட்டும் பழைய முறை போதாது என்ற பேச்சு வலுத்தது. நகரத்தை ஆற்றுப்படுகை வாரியாகப் பிரித்து வடிகால் அமைக்கும் திட்டம் முன்னுக்கு வந்தது. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் என நான்கு படுகைகள்.

ஒவ்வொன்றுக்கும் பணம் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி உதவி. வடசென்னையின் கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. தென்சென்னையின் கோவளம் படுகைக்கு ஜெர்மனி அரசின் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ நிதி.

கோவளம் படுகைத் திட்டம் எம்-1, எம்-2, எம்-3 என மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இதில் கடலை ஒட்டிய ஈசிஆர் பகுதிதான் எம்-3. சர்ச்சை முழுக்க இந்த மூன்றாவது பகுதியைச் சுற்றித்தான்.

"எங்க மண்ணே வடிகால்தான்"

ஈசிஆர் பகுதியை மேப்பில் பார்த்தால் ஒரு விஷயம் சட்டுனு புரியும். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் நீளமாக ஒரு மணல் துண்டு. இது வேளச்சேரி மாதிரியோ பள்ளிக்கரணை மாதிரியோ களிமண் பூமி இல்லை. கடற்கரை மணல்.

மணலில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? உறிஞ்சிக்கும். குடியிருப்போர் சங்கங்கள் வைத்த முதல் வாதமே இதுதான். கனமழை பெய்தாலும் சில மணி நேரத்தில் தண்ணீர் கீழே இறங்கிடும், இங்கே கான்கிரீட் வடிகால் எதுக்கு என்று கேட்டார்கள்.

அடுத்தது குடிநீர். இந்தப் பகுதிகள் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தன. குழாய் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேரவில்லை. பல வீடுகளுக்குக் கிணறும் போரும்தான் ஆதாரம். திருவான்மியூர் முதல் கோவளம் வரை உள்ள இந்தக் கடலோர மணல் படுகை, தென்சென்னையின் முக்கியமான நிலத்தடி நீர் சேமிப்பு. அதுக்குள்ளே போக வேண்டிய மழையைக் கால்வாய் கட்டி வெளியே அனுப்பினால், கோடையில் கிணற்றில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

மணலுக்கு அடியில் என்ன நடக்குது?

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன அறிவியல் தெரிஞ்சா போதும்.

கடலோரத்தில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீரும் இருக்கும், உப்புத் தண்ணீரும் இருக்கும். கடல்நீர் கொஞ்சம் கனமானது. அதனால் கீழே தங்கும். மழையால் சேரும் நல்ல தண்ணீர் அதன் மேலே மிதக்கும். நல்ல தண்ணீரின் எடைதான் உப்பு நீரை மேலே வரவிடாமல் அழுத்தி வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு தோராயக் கணக்கும் உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கெய்பன் - ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்களின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மண்ணின் அமைப்பைப் பொறுத்து கணக்கு மாறும். ஆனா அடிப்படை இதுதான்.

இப்போ இதைத் திருப்பிப் பாருங்க. மேலே நிற்கும் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நீர் சுமார் 20 மீட்டர் ஏறி வரும். கடலோரத்தில் நிலத்தடி நீரை அலட்சியமாகப் பார்க்க முடியாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் இது நடந்தது. அங்கே காரணம் வடிகால் அல்ல, அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியது. கடல்நீர் உள்ளே வருவது 1960-களின் கடைசியிலேயே தெரிந்தது. பிறகு பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. உப்பு ஒருமுறை ஏறிட்டா, இறக்குவது லேசான காரியம் இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும், நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும் என்பதே மீஞ்சூர் சொல்லும் பாடம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அந்த ஒரு கிரவுண்டில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 22,000 லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லோடு.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அப்படியென்றால் ஒரு கிரவுண்டில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர். இதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு ஓடிவிடும். மீதி மண்ணுக்குள் போகும். வீட்டு மனையில் விழுவதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் விழுவதை மண்ணுக்குள் விடுவதா, வெளியே அனுப்புவதா என்பதை வடிகாலின் வடிவமைப்புதான் முடிவு செய்யும்.

இங்கே ஒரு முரண் இருக்கு. 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அரசு. ஒரு பக்கம், வீட்டு மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் அனுப்பணும்னு சட்டம். இன்னொரு பக்கம், அதே தெருவில் விழும் மழையைக் கான்கிரீட் கால்வாயில் வெளியேற்றும் திட்டம். 2019 கோடையில் சென்னை குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

மாநகராட்சி சொல்வது என்ன?

மாநகராட்சி தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஈசிஆர் இப்போது பழைய மணல்மேடு இல்லை. கட்டடம், கான்கிரீட் தெரு, பேவர் பிளாக் என்று மண் மூடப்பட்டுவிட்டது. தண்ணீர் இறங்க இடம் குறைந்தால் தேங்கத்தான் செய்யும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறி நிற்கும்போது மணலாலும் ஓரளவுக்கு மேல் உறிஞ்ச முடியாது. தாழ்வான உள்தெருக்களில் இருப்பவர்களுக்கு முழங்கால் தண்ணீர்தான் உடனடிப் பிரச்னை.

ஆக, "வடிகால் தேவையா இல்லையா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் தெருவுக்குத் தேவை, எந்த ஆழத்தில், எந்த வடிவில் என்று பிரித்துக் கேட்கணும். அதற்குத்தான் ஆய்வு.

வடிகால் போய்ச் சேரும் இடம் எது?

இந்த மணல் துண்டில் தண்ணீர் வெளியேற இரண்டே வழி. ஒன்று கடல், இல்லைன்னா பக்கிங்காம் கால்வாய்.

கடல் பக்கம் திறந்தால் கடற்கரையின் குறுக்கே வாய்க்கால் போகும். அங்கேதான் மீனவர்கள் படகு நிறுத்துவதும் வலை உலர்த்துவதும். அதே மணலில்தான் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988-ல் மாணவர்கள் தொடங்கிய எஸ்எஸ்டிசிஎன் அமைப்பினர் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து இந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. அதாவது, புலிக்கு இருக்கும் அதே அளவு பாதுகாப்பு.

கால்வாய் பக்கம் திறந்தாலும் சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பி ஓடும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீரும் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்கு வந்துதான் முட்டுக்காடு முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. கால்வாயின் மட்டம் உயர்ந்தால் வடிகால் நீர் பின்னோக்கித் தள்ளும்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் இன்னொரு ஆபத்து. மழைநீருக்குக் கட்டிய வடிகாலில் கழிவுநீர் இணைப்புகள் புகுந்துவிடும். வருடத்தில் சில வாரம் மழைநீர், மீதி நாளெல்லாம் சாக்கடை. இதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாமா?

இங்கதான் சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கு.

எந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்பதை மத்திய அரசின் 2006-ம் ஆண்டு அறிவிக்கை பட்டியலிடுகிறது. சுரங்கம், அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை, துறைமுகம், பெரிய கட்டுமானங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மழைநீர் வடிகால் என்று தனியாக ஒரு இனம் கிடையாது. அதனால் பல கிலோமீட்டர் வடிகாலாக இருந்தாலும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தானாகவே நடக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

ஆனா கடலோரத்துக்கு இன்னொரு சட்டம் இருக்கு. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011, 2019 அறிவிக்கைகள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இது பொருந்தும். அலை ஏறி இறங்கும் கால்வாய், ஓடைகளின் கரைக்கும் பொருந்தும். மணல்மேடுகளைக் கலைப்பதை இந்த விதிகள் தடுக்கின்றன. அதே சமயம், மழைநீர் வடிகால் போன்ற பணிகளுக்கு இடமும் தருகின்றன. ஆக, ஈசிஆர் மாதிரி இடத்தில் வடிகால் எந்தக் கோட்டுக்குள் வருகிறது, யாருடைய அனுமதி வேணும் என்பதை வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, கடன் கொடுக்கும் வங்கிகளின் விதிகள். கேஎஃப்டபிள்யூ, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி மூன்றுமே சுற்றுச்சூழல், சமூகத் தாக்கத்தை ஆய்வு செய்யச் சொல்பவை. நம் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் கடன் ஒப்பந்தம் கேள்வி கேட்கும்.

தீர்ப்பாயம் ஏன் வந்தது?

இந்தப் பின்னணியில்தான் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போனது. உண்மையில் இங்கே வெள்ளம் வருகிறதா, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், கடலோர விதிகள் பொருந்துமா போன்ற கேள்விகளைப் பார்க்க நிபுணர் குழு அமைக்கப்பட்டது.

2010-ம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவு, முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் பின்பற்றச் சொல்கிறது. அதாவது, திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் வர வாய்ப்பு இருந்தால், முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கணும். உப்பு ஏறிய கிணறு இதற்குப் பொருத்தமான உதாரணம்.

வேறு வழி இருக்கா?

இருக்கு. வடிகாலின் அடியில் உறிஞ்சு கிணறு அமைக்கலாம். மழை முதலில் மண்ணுக்குள் போகும், மிஞ்சியது மட்டும் வெளியேறும். தாழ்வான தெருக்களுக்கு மட்டும் வடிகால், மற்ற இடங்களில் உறிஞ்சு குழி என்று பிரிக்கலாம். பழைய குளங்களைத் தூர்வாரலாம். சென்னை மாநகராட்சியே 'ஸ்பாஞ்ச் பார்க்' என்ற பெயரில், மழைநீரை உறிஞ்சும் பூங்காக்களை அமைத்திருக்கிறது.

வெளிநாட்டிலும் பாடம் இருக்கு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணல்மேடுகளில் இருந்துதான் குடிநீர் எடுத்தது. அளவுக்கு மீறி எடுத்ததால் கீழிருந்து உப்பு ஏறத் தொடங்கியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்து, அந்த மணலுக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். நமக்கு வானத்திலிருந்து இலவசமாக வரும் தண்ணீரை, அவங்க செலவு செய்து மணலுக்குள் அனுப்புறாங்க.

உங்க ஊருக்கு இது எதுக்கு?

சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூரில் இருப்பவருக்குக் கடல் ரொம்ப தூரம். ஆனா குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும் என்பதை அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குளம் செய்யும் அதே வேலையைத்தான் ஈசிஆரில் மணல் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத குளம், அவ்வளவுதான்.

எந்த ஊராக இருந்தாலும், தெருவில் வடிகால் வேலை தொடங்கும் முன் நான்கு கேள்வி கேட்கலாம்:

• இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

• போகும் வழியில் மண்ணுக்குள் இறங்க இடம் விட்டிருக்காங்களா?

• கழிவுநீர் இதில் கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு?

• கிணற்று நீர்மட்டத்தையும் உப்பையும் வேலைக்கு முன்பும் பின்பும் அளப்பார்களா?

இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இருந்தால், அதுதான் ஆய்வு. ஈசிஆர் மக்கள் கேட்டதும் அதைத்தான். பள்ளம் தோண்டிய பிறகு செய்யும் ஆய்வால், உப்பான கிணற்றை இனிப்பாக்க முடியாது.