தக்காளி சாண்ட்விச்: மதியத்துக்குள் ஏன் ஊறிப்போகுது?

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு டிபன் பாக்ஸ் கட்டுற வீடுகளில் கோடையில் எழும் கேள்வி இது. காலையில் செஞ்ச சாண்ட்விச் மதியம் கூழாயிடுது. ரொட்டிமேல குத்தமில்லை. தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வந்து ரொட்டியில் இறங்குது.

அதனால் நான் தக்காளியை வட்டமா நறுக்கி, உப்பு தூவி, 10 நிமிஷம் வடிகட்டியில் வைப்பேன். ரொட்டியின் உள்பக்கம் இரண்டிலும் ஓரம்வரை வெண்ணெய். கொழுப்பு, ஈரத்தைத் தடுக்கும். அப்புறம் மிளகுத்தூள், அவ்வளவுதான். வடிஞ்ச சாறு ரசத்துக்கு. ருசி தரும் குளுட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றிய கூழில்தான் அதிகம், கொட்டிடாதீங்க.

நம்ம ஊர் பிரெஞ்சு ரொட்டி கிடைத்தால் நல்லது, அதன் கெட்டி ஓடு சீக்கிரம் ஊறாது. பெங்களூர் தக்காளியில் சாறு குறைவு; ருசிக்கு எனக்கு நாட்டுத் தக்காளிதான்.

பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் இருந்தால் மணம் உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போவதை ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் மணம் முழுசா திரும்பலை. ஆகவே இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்க.

மதியம்வரை தாங்கணும்னா, வெண்ணெய் தடவிய ரொட்டியையும் முழுத் தக்காளியையும் தனித்தனியா கொடுத்தனுப்புங்க. சாப்பிடும்போது நறுக்கிக்கலாம்.