நான்கெழுத்துச் சுவடி

'விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?' என்று நம் பாட்டிமார் கேட்பது வழக்கம். முளைக்காது என்பது நாமெல்லாரும் அறிந்ததே. ஏன் முளைக்காது என்று குழந்தைகள் திருப்பிக் கேட்டால்தான் விழிக்கிறோம். அக்கேள்விக்கு விடை கண்ட சரித்திரத்தில் பாரத புத்திரர் ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

செடி கொடியாயினும் மனிதராயினும், உடல் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஜீவ அணுக்களின் கூட்டமே. அணுவின் நடுவே இருப்பது கரு. 1869-ம் ஆண்டில் மீஷர் என்னும் ஸ்விஸ் ஆராய்ச்சியாளர், ஜெர்மனியிலுள்ள ட்யூபிங்கன் நகரில், புண்ணுக்குக் கட்டிய துணிகளில் படிந்த சீழை ஆராய்ந்து, அக்கருவில் ஒரு புதுப் பொருளைக் கண்டார். பிற்காலத்தில் அதற்கு நியூக்ளிக் அமிலம் என்று பெயர் வந்தது.

இவ்வமிலம் இரு வகைப்படும். ஒன்று டி.என்.ஏ.; அதை மூலச் சுவடி எனலாம். அது முறுக்கிய நூலேணி போன்றது என்பதை, ரோஸலிண்ட் பிராங்க்ளின் அம்மையாரின் எக்ஸ்-ரே ஆராய்ச்சியைத் துணைக்கொண்டு, 1953-ல் வாட்ஸனும் கிரிக்கும் வெளியிட்டனர். ஏணிப் படிகளில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என நான்கே எழுத்துக்கள். அடினினுக்கு எதிரே தைமின். குவானினுக்கு எதிரே சைட்டோசின். ஏணியை நெடுகப் பிளந்தால், ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதி இன்னதென்று காட்டி நிற்கும். இவ்விதம் ஒன்று இரண்டாகிறது. தாயின் சாயல் மகளிடம் தோன்றும் ரகசியம் இதுவே.

மூலச் சுவடி கருவை விட்டு வெளியேறுவதில்லை. வேண்டிய ஏட்டின் பிரதியாய் வெளிவருவது ஆர்.என்.ஏ. அதில் தைமினுக்குப் பதில் யூராசில் நிற்கும். அப்பிரதியைப் படித்து, ரைபோசோம் என்னும் பட்டறை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது.

எழுத்துக்கள் நான்கு, அமினோ அமிலங்களோ இருபது. எந்தச் சொல்லுக்கு எது பொருள்? 1961-ல் நிரென்பர்க் முதற் சொல்லைக் கண்டார். பிறகு ஹர் கோவிந்த் குரானா, யூராசிலும் சைட்டோசினும் மாறி மாறி வரும் ஆர்.என்.ஏ. இழையைத் தாமே சமைத்தார். அதை இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். மும்மூன்றாகப் படித்தால் இரு சொற்கள் மாறி மாறி வரும். கிடைத்த புரதத்தில் ஸெரீனும் லியூஸீனும் மாறி மாறி நின்றன! சொல்லுக்கு எழுத்து மூன்று என்பது ருஜுவாயிற்று. மொத்தச் சொற்கள் 64.

ஓரெழுத்துப் பிழையும் அற்பமன்று. இரத்தப் புரதத்துக்குரிய ஏட்டில் ஓரிடத்தில் அடினினுக்குப் பதில் தைமின் வந்துவிட்டால், சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடுகின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்ற குழந்தை ஆயுள் முழுதும் துன்புறுகிறது. நம் நீலகிரி மலைவாசிகளிடையேயும் இந்நோய் உண்டு.

குரானா, பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சுமார் நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றுதான். ஏழைத் தகப்பனார் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடவில்லை. மேனாட்டில் பட்டம் பெற்று 1949-ல் தாயகம் திரும்பிய குரானாவுக்கு இங்கே தகுந்த வேலை கிட்டவில்லை. மீண்டும் கடல் கடந்தார். 1968-ல் நிரென்பர்க், ஹாலி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் அமெரிக்கப் பிரஜை.

நம்மவர் என்று நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் விதை நம்முடையது, விளைந்த நிலம் பிறருடையது என்பதையும் மறக்கலாகாது. இன்று நம் வீட்டில் 'ஏன்?' என்று கேட்கும் குழந்தைக்கேனும் நிலத்தைப் பண்படுத்தி வைப்போமாக.