லுவார் நதிக்கரையில் ஒரு திராட்சத் தோட்டம்

மனிதன் பேணி வளர்க்கும் செடிகொடிகளுள் திராட்சைக்கொடியைப் போல நெடிய பொறுமையை வேண்டி நிற்பன சிலவே. நெற்பயிர் சில திங்களில் தன் கணக்கைத் தீர்த்துவிடும். திராட்சைக்கொடியோ நட்ட மூன்றாம் ஆண்டளவிற் காய்க்கத் தொடங்கி, நன்கு பேணப்படின் எழுபது எண்பது ஆண்டுகள் வரை அதே மண்ணில் நின்று பயன்தரும். ஆதலின் பாட்டன் நட்ட கொடியிற் பேரன் கனி கொய்தலும், தந்தை மண்ணுக்கு இழைத்த தீங்கினை மகன் அநுபவித்தலும் இத்தோட்டங்களில் இயல்பாக நிகழ்வனவாம். அத்தகைய தோட்டமொன்றின் வரலாற்றையும், அதிற் கையாளப்படும் விந்தையான உழவு முறையையும், அம்முறையைப் பற்றி விஞ்ஞான ஆராய்ச்சி கூறுவதனையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். மதுவுண்டலைப் புகழ்தல் எமது கருத்தன்று. மண்ணைக் காத்தலும் மெய்யை ஆராய்தலுமே ஈண்டுப் பொருளாம்.

இடமும் தட்பவெப்பமும்

பிரெஞ்சு தேசத்தின் மேற்குப் பாகத்தில், ஆன்ஜே என்னும் நகரத்திற்குத் தென்மேற்கே, லுவார் என்னும் பெருநதியின் வடகரையிற் சவெனியேர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரைச் சார்ந்த குன்றுச்சரிவில் 7 ஹெக்டேர், அஃதாவது ஏறக்குறைய 17 ஏக்கர் பரப்புள்ளதாக விளங்குவது கூலே த செரான் என்னும் தோட்டம். 1130-ஆம் ஆண்டிற் சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் இங்கே முதன்முதற் கொடி நட்டனர் என்றும், அன்று தொட்டு அச்சரிவு கொடியின்றி இருந்ததில்லை என்றும் தோட்டத்தார் கூறுவர். 1214-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசனாகிய ஜான் என்பவன் இதற்கணித்தான ரோஷ் ஓ முவான் கோட்டையை முற்றுகையிட்டுப் பிரெஞ்சு இளவரசன் லூயியின் சேனை வரக்கண்டு பின்வாங்கினான் என்பது சரித்திரம். அரசர் வந்தனர், போயினர்; கொடிகள் மட்டும் நின்றன.

இவ்விடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 47 பாகையில் உளது. இங்கே விளைவது ஷெனின் என்னும் வெண்திராட்சை. குளிர்ந்த நாட்டிற் பழம் மெல்லமெல்லவே கனியும். வெப்ப நாடுகளிற் சர்க்கரை விரைவில் ஏற, புளிப்பு விரைவிற் குறைந்துபோம். குளிர்ந்த இரவுகளிலோ புளிப்பு எளிதில் அழிவதில்லை. இனிப்பும் புளிப்பும் ஒருங்கே நிற்றலே இந்நாட்டு மதுவின் பெருமைக்குக் காரணமென அறிந்தோர் கூறுவர். ஆயின் அப்பெருமை ஆபத்தின் விளிம்பில் நிற்பது. வேனிற் றொடக்கத்திற் கொடி துளிர்த்த பின் ஓரிரவு உறைபனி வீழின் அவ்வாண்டின் விளைவு கருகிவிடும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பிரெஞ்சு தேசத்தின் பல பாகங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே இத்தகைய நாட்டிற் கொடி நடுவோர் தெற்கு நோக்கிய சரிவையும், வெயிலைப் பற்றி வைத்து இரவில் வெளியிடும் கற்பாங்கான நிலத்தையும், குளிரின் கடுமையைத் தணிக்கும் நீர்நிலையின் அண்மையையும் நாடுவர். கூலே த செரான் இம்மூன்றும் ஒருங்கே வாய்ந்த இடமாகும்.

ஒரு குடும்பத்தின் கதை

இத்தோட்டம் 1962-ஆம் ஆண்டு முதல் ஜோலி குடும்பத்தார்க்கு உரியது. அக்குடும்பத்து மகனாகிய நிக்கோலா ஜோலி என்பார் அமெரிக்காவிற் கல்வி கற்று, நியூயார்க்கிலும் லண்டனிலும் வங்கித்தொழிலில் அமர்ந்திருந்தவர். 1977-ஆம் ஆண்டில் அவர் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, அன்னையார் நடத்திவந்த தோட்டத்திற்குத் திரும்பினார். அக்காலத்திற் புதுமுறை உழவு எங்கும் பரவியிருந்தது. விவசாய ஆலோசகர் ஒருவர் தோட்டத்திற்கு வந்து, களைக்கொல்லி மருந்தைப் பயன்படுத்தின் கூலிச்செலவு பெரிதும் மிச்சப்படும் எனக் கூற, கணக்கறிந்த ஜோலியும் அதற்கு இசைந்தார்.

இரண்டாண்டுகள் கழிவதற்குள் மண்ணின் நிறம் மாறியதையும், கொடிகளைக் காக்கும் பொறிவண்டுகள் மறைந்ததையும், கௌதாரிகள் தோட்டத்தை விட்டகன்றதையும் தாம் கண்டதாக அவர் எடுத்துரைத்துள்ளார். ஈராண்டுச் சிக்கனம் எண்ணூறாண்டுத் தோட்டத்தை உயிரற்ற நிலமாக்கிவிடுமோ என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அந்நிலையிற் பழம்புத்தகக் கடையொன்றில் வாங்கிய நூலொன்று அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. அது பயோடைனமிக் என்னும் உழவு முறையைப் பற்றியது. உயிராற்றல் உழவு என நாம் அதனைத் தமிழிற் கூறலாம். 1980-ஆம் ஆண்டிற் சிறு பகுதியிற் சோதித்துப் பார்த்து, 1984 முதல் தோட்டம் முழுவதிலும் அவர் அம்முறையைக் கைக்கொண்டார்.

அதன்பின் குதிரை பூட்டிய ஏர் சரிவுகளில் மீண்டும் நடமாடலாயிற்று. எருவுக்கென மாடுகள் வளர்க்கப்பட்டன. அறுவடையும் ஒரே நாளில் முடிவதன்று. மூன்று நான்கு வாரங்களுக்குள் ஆட்கள் பன்முறை கொடிவரிசைகளினூடே சென்று, நன்கு கனிந்த குலைகளை மட்டும் தேர்ந்து கொய்வர். பிழிந்த சாற்றைப் புளிக்கச் செய்தற்கு வெளியிலிருந்து நுரைமம் சேர்ப்பதில்லை. கனியின் தோலிலும் சாலையிலும் இயற்கையாக உறையும் நுரைமங்களே அவ்வேலையைச் செய்கின்றன. விளைவோ குறைவு, ஹெக்டேர் ஒன்றுக்குப் பெரும்பாலும் 2,000 முதல் 2,500 லிட்டர் வரையே கிடைக்கும். 2001-ஆம் ஆண்டில் ஜோலி தம்மோடொத்த கருத்துடைய தோட்டத்தாரை ஒன்றுகூட்டிச் சங்கமொன்றையும் நிறுவினார். இப்பொழுது அவர் மகளார் வீர்ஜினி ஜோலி மதுவாக்கும் பொறுப்பைத் தாங்கி வருகின்றார்.

முறையின் தோற்றமும் செயலும்

இவ்வுழவு முறையை வகுத்தவர் ஆஸ்திரிய நாட்டு ஞானியாகிய ருடால்ஃப் ஸ்டைனர் (1861–1925). செயற்கை உரங்களின் வரவுக்குப்பின் விதையின் வீரியமும் கால்நடையின் நலனும் குன்றி வருகின்றன என்று உழவர் சிலர் அவரிடம் முறையிட்டனர். அவர்கள் வேண்டுகோளுக்கிணங்க 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அந்நாளில் ஜெர்மனிக்கும் இந்நாளிற் போலந்துக்கும் உரிய கோபர்விட்ஸ் என்னும் ஊரில், அவர் எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவையே இம்முறைக்கு அடிப்படை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1928-ஆம் ஆண்டில் இம்முறையில் விளைந்த பொருள்களுக்கு டிமீட்டர் என்னும் கிரேக்கத் தானிய தேவதையின் பெயர் முத்திரையாக இடப்பட்டது.

இம்முறையின் முதற்கொள்கை, பண்ணையைத் தன்னிறைவுடைய ஓர் உயிராகக் கருதுதல். மாடு, எரு, பயிர், புழுபூச்சி, பறவை யாவும் அவ்வுயிரின் உறுப்புக்கள். வெளியிலிருந்து உரமும் நஞ்சும் வாங்கியிடுதல் தகாது. இது யாவர்க்கும் எளிதில் விளங்குவதே. இரண்டாவது பகுதியே வியப்பை விளைப்பது. பசுவின் கொம்பினுட் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணிற் புதைத்துவைத்து, வேனிலில் அகழ்ந்தெடுப்பர். நாற்றம் நீங்கிக் கரிய மண்போல் ஆகிவிட்ட அச்சாணத்தில் ஏறக்குறைய 100 கிராம் எடுத்து, முப்பது நாற்பது லிட்டர் நீரிலிட்டு, ஒருமணி நேரம் வலமும் இடமுமாக மாறிமாறிச் சுழல விட்டுக் கலக்குவர். ஒரு ஹெக்டேர் நிலத்திற்கு இதுவே போதுமாம். இதற்கு 500 என எண் இட்டுள்ளனர். பளிங்குக்கல்லைத் தூளாக்கிக் கொம்பிலடைத்துக் கோடையிற் புதைத்தெடுப்பது 501. சீமைச்சாமந்தி, ஓக்கு மரப்பட்டை முதலியவற்றைப் பக்குவப்படுத்தி எருக்குவியலிற் சிறிது சிறிது இடுவன 502 முதல் 507 வரையுள்ளவை. ஜெர்மானிய மாதாகிய மரியா தூன் என்பார் 1963 முதல் வெளியிட்ட பஞ்சாங்கத்தைப் பின்பற்றிச் சந்திரன் நிற்கும் இராசியை நோக்கி விதைப்பும் அறுப்பும் செய்வோரும் உளர். சாணம் மண்ணின் ஆற்றலையும், பளிங்கு ஒளியின் ஆற்றலையும் கொடிக்கு ஈர்த்துத் தரும் என்பது இம்முறையார் கூறும் விளக்கம்.

நோயும் மயில்துத்தமும்

குளிரும் ஈரமும் கூடிய நாட்டிற் கொடிக்குப் பெரும்பகை அடிச்சாம்பல் நோய். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து பிரெஞ்சு தேசத்தை அடைந்து, தோட்டங்களைப் பாழாக்கிற்று. போர்டோ நகரத்தருகே பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறியாதிருத்தற்பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளின் இலைகள் மட்டும் உதிராது நின்றமையை 1882-ஆம் ஆண்டில் மில்லார்தே என்னும் தாவர நூற்புலவர் கண்டார். ஆராய்ந்து 1885-இல் அவர் வெளியிட்ட மருந்தே போர்டோ கலவை. உயிராற்றல் உழவரும் பெரும்பாலும் இச்செப்பு மருந்தையே நம்பியிருக்கின்றனர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. செப்பு இலையின் மேற்பரப்பில் மட்டுமே நின்று காப்பது. மழை பெய்யிற் கழுவுண்டு மண்ணிற் சேரும். சேர்ந்தது சிதையாது, மிகுமாயின் மண்புழுவுக்குத் தீங்கு. ஆதலின் ஐரோப்பிய ஐக்கியத்தார் 2019 முதல் ஏழாண்டுக் காலத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேற் செப்பு இடலாகாது என வரையறுத்தனர். டிமீட்டர் சங்கத்தார் விதி அதனினும் கடியது. நஞ்சை விலக்கப் புகுந்தவரும் ஈரமான ஆண்டுகளில் அளந்தளந்து உலோகம் தெளிக்க வேண்டியிருத்தல் உழவின் உண்மை நிலையைக் காட்டும். முழுத்தூய்மை எம்முறைக்கும் வாய்த்ததன்று.

ஆராய்ச்சி கூறுவது

இனி, இம்முறையால் விளையும் நன்மை யாது? அந்நன்மைக்குக் காரணம் யாது? இவை இருவேறு வினாக்கள். இவற்றை ஒன்றாக மயங்குதலே வாதப்பிரதிவாதங்களுக்கெல்லாம் மூலம்.

முதல் வினாவுக்கு விடை தெளிவு. ஸ்விட்ஸர்லாந்தில் தேர்வில் என்னும் இடத்தில் 1978 முதல் மூவகை உழவு முறைகளை அருகருகே நடத்திச் சோதித்து வருகின்றனர். அங்கே 21 ஆண்டுகளிற் கண்ட முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செயற்கை உரமும் பூச்சிமருந்தும் விலக்கிய வயல்களில் விளைவு சராசரி 20 சதவீதம் குறைந்தது. ஆனால் இட்ட சத்துப்பொருள் 34 முதல் 53 சதவீதம் வரையிலும், மருந்து 97 சதவீதமும் குறைந்தன. மண்ணில் வாழும் உயிர்களும் அங்கே மிக்கிருந்தன. ஆகவே ஜோலி தம் தோட்டத்திற் கண்ட மாறுதல் வெறும் மனமயக்கமென்று தள்ளுதற்கில்லை.

இரண்டாம் வினாவுக்கு விடை காண, எல்லா வகையிலும் ஒத்த இரு நிலங்களை எடுத்து, ஒன்றில் மட்டும் கொம்புச்சாணம் முதலியவற்றை இட்டுப் பார்த்தல் வேண்டும். கலிபோர்னியா நாட்டுத் திராட்சத் தோட்டமொன்றில் அவ்வாறே செய்து, முதல் ஆறாண்டுகளில் மண்ணின் தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை என 2005-இல் அறிவித்தனர். குளிர்நாடாகிய ஜெர்மனியிற் கைசன்ஹைம் என்னுமிடத்தில் 2006 முதல் நடைபெறும் சோதனையிலும், செயற்கை உரமிட்ட கொடிகளினும் இயற்கை முறைக் கொடிகளின் வளர்ச்சியும் விளைவும் குறைந்திருந்தன. ஆயின் சாதாரண இயற்கை முறைக்கும் உயிராற்றல் முறைக்கும் இடையே கொடியின் வளர்ச்சியிற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றே கண்டனர். 100 கிராம் சாணத்தை 10,000 சதுர மீட்டர் நிலத்திற் பகிர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு கூறே வரும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நற்பயன் தருவன மக்கிய எருவும், களைக்கொல்லியை விலக்கலும், மாடும், இடைவிடாத கண்காணிப்புமே. கொம்பும் இராசியும் அல்ல எனக் கொள்ளுதலே இந்நாள் வரையிற் கிடைத்த சான்றுகளுக்குப் பொருந்துவதாம்.

ஸ்டைனர் பேசிய அதே 1924-ஆம் ஆண்டில் நம் இந்திய நாட்டில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் பயிராராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். இலைதழையும் சாணமும் கலந்து மக்கச்செய்யும் முறையை அங்கே அவர் வரிசைப்படுத்திச் சோதித்து, இந்தூர் முறை என உலகுக்கு அளித்தார். ஒருவர் விண்ணை நோக்கினார். மற்றவர் எருக்குழியை நோக்கினார். இருவரும் வற்புறுத்திய செய்கையோ பெரும்பாலும் ஒன்றே.

முடிவுரை

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. கொம்பிற் சாணம் புதைப்பதைக் கண்டு நகைத்து, அத்தோட்டத்து மண்ணின் வளத்தையும் மறுப்பார் ஒருசாரார். மண்ணின் வளத்தைக் கண்டு வியந்து, கொம்பின் மகிமையையும் நம்பிவிடுவார் மற்றொரு சாரார். இருவரும் கண்டதையும் கருதியதையும் பிரித்தறியத் தவறினவரே. ஒருவன் செய்யும் செய்கை நன்றாயிருக்க, அதற்கு அவன் கூறும் காரணம் பிழையாயிருத்தல் கூடும். செய்கையைப் போற்றி, காரணத்தைச் சோதித்தலே கற்றார்க்கு அழகு.

ஆயினும் ஒன்று கூறாது விடலாகாது. கணக்குப் புத்தகம் இலாபமென்று காட்டிய ஈராண்டில், அதைக் கீழே வைத்துவிட்டு மண்ணைக் குனிந்து நோக்கியவர் அந்த வங்கி உத்தியோகஸ்தர். அவர் கண்டெடுத்த விளக்கம் முற்றும் மெய்யன்றாயினும், அவர் கண்ட காட்சி மெய். குறைந்த விளைவையும் மிகுந்த உழைப்பையும் ஏற்று, தாம் பெற்ற நிலத்தை உயிரோடு மகளிடம் ஒப்புவித்தார். நிலத்தை உடையவர் யாவர்க்கும் இக்கடன் உண்டு. அதனை நிறைவேற்றுதற்கு வேண்டுவது நிலத்தை நோக்கும் கண்ணேயாம்.