எலும்பும் தோலும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, மறுநாள்தான் அத்தையைத் திருத்தணிக்கு அழைத்துப் போனேன். 365 படிகளையும் வெறுங்காலில் ஏறினார். தரிசனம் முடிந்து இறங்கும்போது, இன்னும் முப்பது படிகூட இல்லை என்ற இடத்தில், யாரோ சிந்திய தண்ணீரில் கால் வழுக்கியது. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசைக்குக் கடினம். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே விட வேண்டியது அந்தத் தசைதான். அது களைத்திருந்தால் முழங்கால் சட்டென்று விட்டுக்கொடுத்துவிடும். விழுகிற எல்லோரையும் போல அத்தையும் கையை ஊன்றினார். தூக்கி உட்கார வைத்தபோது வலது மணிக்கட்டு கரண்டிக் காம்பு போல வளைந்திருந்தது.

ஆட்டோவில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “நேரா நகரி பஸ்ஸப் புடிடா. புத்தூர் போயிடலாம். உங்கப்பன் காலு அங்கதான கூடிச்சு?”

உண்மைதான். அப்பா பள்ளிக்கூடம் படிக்கும்போது முறிந்த கணுக்கால் அங்கேதான் கூடியது. அந்தக் காலோடு அவர் கடைசிவரை சைக்கிள் மிதித்தார். திருத்தணியிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி போகிற சாலையில்தான் புத்தூர் இருக்கிறது. ஒருகாலத்தில் இரண்டு ஊரும் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் கை கால் முறிந்தவர்களுக்கு அந்த எல்லை என்றுமே இருந்ததில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘புத்தூர் எலும்பு முறிவு வைத்தியசாலை’ என்றொரு பலகை கண்ணில் படும்.

இந்த வைத்தியம் தொடங்கியதற்கு ஒரு கதை உண்டு. வேட்டையில் கால் முறிந்த முயலை இலை தழைகளில் சுற்றி வைத்தாராம் ஒருவர். சற்று நேரத்தில் அது எழுந்து ஓடிவிட்டதாம். அந்தத் தழைகளைத் தேடிப் பிடித்ததுதான் தொடக்கம் என்பார்கள். முறிந்த எலும்பு அப்படி ஒரு பொழுதில் கூடாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அங்கே கட்டுகிறவர்களின் கைப்பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். விரலால் தடவியே முறிவு எங்கே என்று கண்டுகொள்வார்கள். இழுத்து, உட்கார வைத்து, பச்சிலை விழுதும் முட்டை வெள்ளையும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். முட்டை வெள்ளை காய்ந்தால் துணி விறைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி மாவுக்கட்டு செய்கிற வேலையும் இதேதான்: விலகியதை நேராக்குவது, அசையாமல் நிறுத்துவது.

கூட்டுகிற வேலையை எலும்பே பார்த்துக்கொள்கிறது. பச்சிலையாலும் மாவுக்கட்டாலும் அதைச் செய்ய முடியாது.

எலும்பை நாம் காய்ந்த கட்டைபோல நினைத்துக்கொள்கிறோம். உள்ளே ஓயாத வேலை நடக்கிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ஒருபுறம், அரித்த பள்ளத்தில் புதிதாக நிரப்பும் செல்கள் இன்னொருபுறம். ஆண்டுதோறும் நம் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எலும்பைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. வலியை உணர்வது பெரும்பாலும் அதுதான். அதில் இரத்தக் குழாய்கள் நிறைய. முறிந்த உடனே அந்தக் குழாய்கள் அறுந்து, முறிவைச் சுற்றி இரத்தம் தேங்கி உறையும். பார்க்கப் பயமூட்டும் அந்த வீக்கம்தான் குணமாவதின் முதல் படி. உறைந்த இரத்தத்துக்குள் புதிய குழாய்கள் நுழையும். இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்து இரண்டு முனைகளையும் ஒரு மென்மையான முடிச்சாகப் பிணைக்கும். பிறகு அந்த முடிச்சில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். பெரியவர்களுக்கு மணிக்கட்டென்றால் ஆறு வாரம், கணுக்காலுக்கு மேலுள்ள நீள எலும்பென்றால் மூன்று நான்கு மாதம். அத்தோடும் முடிவதில்லை. தேவைக்கு மேல் பருத்திருக்கும் அந்த முடிச்சை, பாரம் விழும் திசை பார்த்து, மாதக்கணக்கில் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். குழந்தைகளின் எலும்பில் சில ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எங்கே முறிந்தது என்று தெரியாமலே போவதுண்டு.

தோல் இப்படி இல்லை. ஆழமாக வெட்டுப்பட்டால் அதற்கு அவசரம். கிருமி நுழையுமுன் வாசலை அடைக்க வேண்டும். அதனால் கிடைத்த நாரைப் போட்டு மூடிவிடுகிறது. நல்ல தோலின் அடியில் நார்கள் கூடை முடைந்ததுபோல எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும். தழும்பிலோ ஒரே வாக்கில் படுத்திருக்கும். தழும்பில் முடி முளைக்காது, வியர்க்காது. எத்தனை ஆண்டு ஆனாலும் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அது எட்டுவதில்லை. எலும்பு மீண்டும் எலும்பாகவே ஆகிறது. தோல் தழும்பாகிறது.

வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒரே நூலால் ஆனவை. கொலாஜன் என்ற புரதம் அது. தோலின் அடியடுக்கில் அதுவே பெரும்பகுதி. எலும்பில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் கலந்த உப்பை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் நாலைந்து நாள் ஊற வையுங்கள். உப்பு கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும். கையில் இருப்பது கொலாஜன். இன்னொரு எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்து உப்பு மட்டும் நிற்கும். தொட்டால் பொடியாக உதிரும். வளையவும் தெரிந்து தாங்கவும் தெரிந்த பொருளாக எலும்பை ஆக்குவது இரண்டும் சேர்ந்த சேர்க்கைதான்.

அந்த நூல் எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கண்டு சொன்னவர்கள் சென்னையில் இருந்தவர்கள். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் காலத்தில், 1952-இல், முப்பது வயதுகூட நிரம்பாத ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கிண்டி வளாகத்துக்கு அடுத்தாற்போல், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். பதனிட்ட தோல் என்பதே, முடியும் மேல்தோலும் நீக்கி எஞ்சிய கொலாஜன் பின்னல்தானே! கொலாஜனுக்கு அவர்கள் தொலைவில் அலைய வேண்டியிருக்கவில்லை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் எக்ஸ்ரே படங்களை வைத்துக் கணக்கிட்டு, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று புரிகளை முறுக்கிய கயிறுதான் கொலாஜன் என்றார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றியும் முறுக்கிக்கொள்வதைக் காட்டினார்கள். மூன்று புரி இறுக்கமாக நெருங்க வேண்டுமென்றால் நடுவில் இடம் வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது மூன்றாவது கண்ணியாக கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு இன்று ‘டிரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர்.

இந்தக் கயிறு அவிழாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் திரித்த கொலாஜன் நம் உடல் சூட்டிலேயே பிரிந்துவிடும். 1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பல்களில், காய் கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களை ஸ்கர்வி வாட்டியது. ஐம்பது ஆண்டுக்கு முன் போரில் காயம்பட்டு ஆறிப்போயிருந்த ஒருவருக்கு, அந்தப் பழைய புண் மறுபடி வாய் பிளந்தது. என்றோ கூடிய எலும்பும் விட்டுப்போனது. பயணக் குறிப்பில் பதிவாகியிருக்கும் செய்தி இது. ஆறிய புண்ணும் கூடிய எலும்பும் நாள்தோறும் புதிதாகத் திரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கட்டுப் போட்டவருக்கு நெல்லிக்காய் கொடுக்கச் சொல்லும் பாட்டிகளை நான் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை.

ஆனாலும் அத்தையை நான் புத்தூருக்கு அழைத்துப் போகவில்லை. காரணத்தை ஆட்டோவிலேயே சொன்னேன். எலும்பு கூட இரத்தம் வேண்டும். எல்லா முறிவிலும் இரத்தம் சீராகப் போவதில்லை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் படகு வடிவில் ஒரு சிற்றெலும்பு இருக்கிறது. இடுப்புப் பந்துக்குக் கீழே தொடையெலும்பின் கழுத்துப் பகுதி இருக்கிறது. இவை முறிந்தால் இரத்த ஓட்டமே அறுந்து, எத்தனை மாதம் கட்டிவைத்தாலும் கூடாமல் போகலாம். தடவிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே வேண்டும். இப்போது நாட்டு வைத்தியர்களிலும் எக்ஸ்ரே பார்த்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்த முறிவில் மட்டும் பச்சிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல் என்ற கோட்டைச் சுவர் உடைந்துவிட்டது. கிருமி நேராக எலும்புக்குள் போகும்.

இன்னொரு ஆபத்து இறுக்கம். நாட்டுக் கட்டானாலும் மாவுக்கட்டானாலும் இது பொது. முறிந்த இடம் முதல் இரண்டு நாள் வீங்கும். கட்டு விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்குப் போகும் இரத்தம் நிற்கும். ஆறு மணி நேரம் போல அப்படியே விட்டால் தசை மீளாமல் செத்துவிடும். முழங்கைக்கு மேலே முறிந்த குழந்தைகளிடம் இதை மிகவும் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை தருவது தோல்தான். கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்திவிடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டாலோ, வெளிறினாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டியவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டை உடனே பிரிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், ஆரை எலும்பின் நுனி முறிந்திருக்கிறது என்றார். கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். பிறகு அத்தையிடம் அவர் கேட்ட கேள்வி எனக்கு மனதில் தைத்தது: “மாதவிலக்கு நின்னு எத்தன வருஷம் ஆச்சும்மா? வெயில்ல நடமாட்டம் உண்டா?”

அத்தைக்கு 61 வயது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது. நிரப்பும் செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. ஐம்பதைக் கடந்த பெண் நின்ற இடத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால், அது எலும்பு இளைத்துவிட்டது என்பதற்கான முதல் கடுதாசி. படித்துவிட்டுப் போட்டுவிட்டால் அடுத்தது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் வரும். பல குடும்பங்களில் கை கூடியதும் அதோடு மறந்துவிடுகிறார்கள். எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கவும் மருந்து தொடங்கவும் அதுதான் சரியான நேரம்.

இங்கேயும் தோலுக்கு வேலை இருக்கிறது. மேல்தோலில் இருக்கும் கொழுப்புப் பொருள் ஒன்றின்மீது வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்தும். அது இல்லாவிட்டால் எத்தனை பால் குடித்தாலும் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. கத்திரி வெயிலில் வேலூரோடு சேர்ந்து வானிலை மையத்தின் பட்டியலில் முன்னே நிற்கும் ஊர் திருத்தணி. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அத்தை வாழ்க்கைப்பட்டது பொதட்டூர்பேட்டையில். விடிந்ததிலிருந்து தறிக்கூடத்துக்குள்தான். கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும், அந்தக் கதிர் வராது. நம் கருந்தோலுக்கோ வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும்.

கட்டுப் போட்டு ஊர் திரும்பும் வழியில் திருவாலங்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. திருத்தணி வட்டத்துக்குள்தான் அந்தத் தலம். தசையை உதறிவிட்டுப் பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையார் ஆடவல்லானின் காலடியில் பாடிக்கொண்டிருக்கும் இடம். அமெரிக்காவின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மையாரின் செப்புச் சிலையைப் படத்தில் பார்த்திருக்கிறேன். கையில் தாளம், துருத்திய கழுத்தெலும்பு, அழுந்திய வயிறு, முகத்தில் நிறைந்த சிரிப்பு. அந்த உடம்பை வார்த்த சோழநாட்டு ஸ்தபதி, தோலின் அடியில் எந்த எலும்பு எங்கே மேடேறும் என்று கூர்ந்து பார்த்தவர். எலும்பும் தோலும் மட்டுமே மிச்சம் என்ற நிலையை, உயிர் வற்றிய நிலையாக அவர் வார்க்கவில்லை.

ஆறாவது வாரம் மாவுக்கட்டை அறுத்தார்கள். உள்ளிருந்து வந்த கை அத்தையின் கைபோலவே இல்லை. மேல்தோல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்து, செத்த செல்களை உதிர்க்கும். உதிர வழியில்லாமல் அவ்வளவும் சாம்பல் நிறச் செதிள்களாகப் படிந்திருந்தது. வேலையில்லாத தசை வற்றியிருந்தது. அத்தை அதை இடது கையால் தூக்கிப் பார்த்தார்.

“எலும்பும் தோலுமா ஆயிடுச்சேடா” என்றார்.

எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி வெண்மேகம் போலப் புது எலும்பு தெரிந்தது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்திப் பழகச் சொன்னார். அத்தை பந்தை வாங்கிக்கொள்ளவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்தால் போதுமா என்று கேட்டார். போதும் என்றார் டாக்டர். அன்று மாலை, தறிக்கூடத்துக்கு வெளியே வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து, கூடிய கையால் மாவை அழுத்திக்கொண்டிருந்தார்.